பருவம் ஒன்று வேண்டும்

கால்பந்தாட்டத்தைப் பற்றி உரையாடும்போது நாம் பெரும்பாலும் ஏதேனும் ஓர் ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறோம். இன்னார் அடித்த கோல், இன்னார் தடுத்த பந்து, கடைசி நிமிடத்தில் கைநழுவிய வெற்றி என்பனவே நம் நினைவில் நிற்கின்றன. ஆனால் ஆட்டக்காரன் ஒருவன் உருவாவது ஓர் ஆட்டத்தினால் அன்று. பல மாதங்கள் வாரந்தவறாமல் தொடரும் ஆட்டப் பருவத்தினால். ஒரு நாள் கொட்டித் தீர்க்கும் மழையை நம்பி எந்த உழவனும் நாற்று விடுவதில்லை. காலத்தில் வந்து, அளவாகப் பெய்து, இடைவிட்டு மீண்டும் பெய்யும் மழையையே அவன் நம்புகிறான். பதினாறு, பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்திறனும் அத்தகையதே. அவர்களுக்குப் பருவம் கிடைக்கிறதா, இல்லையா என்பதைக் கொண்டே ஒரு நாட்டின் கால்பந்தாட்டம் செழிக்குமா, வாடுமா என்று கூறிவிடலாம்.

இந்தப் பொருளைப் பெங்களூர் நகரை நடுவாக வைத்து ஆராய்வோம். தமிழகத்துக்கு வெளியே தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நகரங்களுள் அது முதன்மையானது. கால்பந்தாட்டத்தில் அந்நகரத்துக்குரிய பங்கும் சிறிதன்று.

இந்தியக் கால்பந்தாட்ட வரலாற்றில் இரண்டு முதற்கோல்கள் உண்டு. முதலாவது, 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயங்களில் அடிக்கப்பட்டது. விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையாத நிலையில், டாலிமெரென் ஆவ் தலைமையில் நம்மவர் பிரான்சு நாட்டை எதிர்த்து ஆடினர். அவர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். அன்று நாம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் மைசூர் அணியின் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியா அடித்த முதற்கோல் அதுவே.

இரண்டாவது முதற்கோல் 2017-ஆம் ஆண்டு அக்டோபர் 9-ஆம் நாள் புது தில்லியில் அடிக்கப்பட்டது. பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைப் போட்டி அவ்வாண்டு இந்தியாவில் நடைபெற்றது. கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில் மூலையிலிருந்து உதைக்கப்பட்ட பந்தை மணிப்பூரைச் சேர்ந்த ஜீக்சன் சிங் தலையால் முட்டிக் கோலாக்கினார். உலகக் கோப்பை எனப் பெயர் பெற்ற எந்தக் கால்பந்துப் போட்டியிலும் இந்தியா அதற்குமுன் கோல் அடித்ததில்லை. அந்த மூலை உதையை உதைத்த இளைஞர் சஞ்சீவ் ஸ்டாலின். பெங்களூரில் பிறந்தவர். நடைபாதையில் துணி விற்று வாழ்ந்த எளிய குடும்பத்திலிருந்து வந்தவர்.

இரண்டு முதற்கோல்களுக்கும் இடையே அறுபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. இரண்டிலும் பெங்களூர்ச் சீமையின் தொடர்பு உண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியே. ஆயினும் அந்த இடைக்காலத்தில் அந்நகரத்துத் தெருக்களில் பந்தை உதைத்துத் திரிந்த எத்தனை பிள்ளைகள் உருப்பெறாமலே ஒதுங்கிப் போயினர் என்பதை எண்ணிப் பார்க்கும்போது மகிழ்ச்சியுடன் கவலையும் எழுகிறது. அந்தக் கவலைக்குரிய காரணத்தைக் காண்போம்.

பெங்களூரில் இவ்வாட்டம் வேரூன்றிய வரலாறு சுவையானது. 1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அங்கே படைத்தளம் அமைத்தனர். படையுடன் படைவீரரும், படைவீரருக்கு வேண்டிய பொருள்களை விற்போரும், கட்டட வேலை செய்வோரும், ஏவலரும் சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறினர். சென்னைச் சாப்பர்கள் எனப்படும் பொறியியற் படையினரின் தலைமையிடமும் 1834-இல் அல்சூரையடுத்து அமைந்தது. இவ்வாறு அல்சூர், சிவாஜி நகர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் முதலிய பகுதிகளில் தமிழ் ஒலிக்கலாயிற்று. படைவீரர் மாலைநேரத்தில் ஆடிய பந்தாட்டத்தை வேலியோரத்தில் நின்று பார்த்த சிறுவர், மறுநாள் தம் தெருவில் கந்தலைச் சுருட்டிக் கட்டிய பந்தைக்கொண்டு அதையே ஆடிப் பார்த்திருப்பர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-இல் நிறுவிய கல்விநிலையத்தின் மைதானமும், ஆஸ்டின் டவுன் மைதானமும் இவ்வாறு வந்தவர்களுக்கு ஆடுகளமாயின. கௌதமபுரத்தில் இன்றும் பிரேசில் நாட்டு ஆட்டக்காரர் பெலேயின் சிலையைக் காணலாம். அங்குள்ள மக்களுக்குக் கால்பந்தாட்டம் பொழுதுபோக்கு மட்டுமன்று என்பதற்கு அச்சிலையே சான்று.

பயன் விரைவிலேயே விளைந்தது. பம்பாயில் 1891 முதல் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பைப் போட்டியில் ஆண்டுதோறும் ஆங்கிலப் பட்டாளங்களே வென்றுவந்தன. 1937-ஆம் ஆண்டு பெங்களூர் முஸ்லிம்ஸ் குழு அக்கோப்பையை வென்றது. இந்தியக் குடிமக்கள் குழுவொன்று அதை வென்றது அதுவே முதன்முறை. மறு ஆண்டும் கோப்பை அவர்களிடமே தங்கிற்று. மாநிலங்களுக்கிடையே நடைபெறும் சந்தோஷ் கோப்பையை மைசூர் மாநிலம் 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய பருவங்களில் வென்றது. 1977-இல் முதன்முறையாக நடத்தப்பட்ட பெடரேஷன் கோப்பையைப் பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலைக் குழு, புகழ்பெற்ற மோகன் பகானைத் தோற்கடித்துக் கைப்பற்றியது.

அக்காலத்தில் இளைஞன் ஒருவன் முன்னேறுவதற்கான ஏணி எவ்வாறு இருந்தது? முதற்படி தெரு, அடுத்தது மைதானம், அதற்கடுத்தது பேட்டைக் குழு. பதினாறு வயதிலேயே அவன் முப்பது வயது ஆடவருடன் மோத வேண்டியிருந்தது. அம்மோதலில் கால் ஒடியாமல் நிலைத்தவனுக்கு எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல். போன்ற தொழிற்சாலைகளில் வேலை கிடைக்கலாம். இன்னும் சிறந்தவன் கல்கத்தாவுக்கு இரயிலேறுவான். அகமது கானும் தனராஜும் அவ்வாறு ஈஸ்ட் பெங்கால் குழுவுக்குச் சென்று பெரும்புகழ் ஈட்டினர். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்ற அருமைநாயகம் மோகன் பகானில் ஆடியவர். இவர்களெல்லாம் காட்டாற்றில் நீந்திக் கரையேறியவர்கள். கரையேறியோரின் பெயர்களை நாம் அறிவோம். ஆற்றோடு போனவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

இந்த ஏணியில் ஒரு படி இல்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். தெருவுக்கும் பெரியவர்களின் குழுவுக்கும் இடையே, ஒத்த வயதினர் ஒத்த வயதினருடன் முறையாக ஆடும் பருவம் என்ற படி இல்லை. பதினைந்து முதல் பதினெட்டு வயது வரையுள்ள காலம் உடல் நெடுநெடுவென வளரும் காலம். பந்தைக் காலால் அறிந்தவன் ஆட்டத்தை மனத்தால் அறியத் தொடங்கும் காலம். எங்கே நிற்பது, எப்போது ஓடுவது, எப்போது பந்தை விட்டுக்கொடுப்பது என்பவற்றைப் பயிற்சி நேரத்தில் கேட்டு அறியலாம். ஆட்டத்தில் தவறிழைத்து, அடுத்த வாரமே திருத்திக்கொள்ளும்போதுதான் அவை உடம்பில் ஊறும். ஆகவே அடுத்த வாரம் ஓர் ஆட்டம் இருந்தாக வேண்டும்.

இதனை எளிய கணக்கால் விளக்கலாம். பதினாறு குழுக்கள், தோற்றவர் உடனே விலகும் முறையில் ஒரு கோப்பைக்கு ஆடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் பதினைந்து ஆட்டங்களில் போட்டி முடிந்துவிடும். எட்டுக் குழுக்கள் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வீடு திரும்பும். கோப்பையை வென்ற குழுவுங்கூட நான்கு ஆட்டங்களே ஆடியிருக்கும். அதே பதினாறு குழுக்கள் லீக் முறையில் ஒருவரோடொருவர் ஒரு முறை ஆடினால், ஒவ்வொரு குழுவுக்கும் பதினைந்து ஆட்டங்கள் கிடைக்கும். மொத்தம் 120 ஆட்டங்கள் நடைபெறும். முதல் முறையில் திருவிழாவின் விறுவிறுப்பு உண்டு, செலவும் குறைவு. இரண்டாம் முறையில் பள்ளிக்கூடத்தின் பொறுமை உண்டு. முதல் ஆட்டத்திலேயே தோற்ற குழுவில், அன்று காய்ச்சலோடு ஆடிய சிறந்த ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான் என்றால், முதல் முறை அவனை ஒருபோதும் கண்டுகொள்ளாது. இரண்டாம் முறையில் அவனுக்கு இன்னும் பதினான்கு வாய்ப்புகள் இருக்கும்.

இளைஞருக்கான பருவத்தைத் திட்டமிட்டு அமைத்த நாடுகளுள் ஒன்றின் அனுபவத்தை இங்கே காண்பது நலம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மக்கள் உயிராய் மதிக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. அதையும் அவர்கள் புட்பால் என்றே அழைக்கிறார்கள். எனினும் அது நாம் அறிந்த கால்பந்தாட்டம் அன்று. முட்டை வடிவான பந்தை, நீள்வட்டமான பெரிய மைதானத்தில், கட்சிக்குப் பதினெட்டுப் பேராக நின்று ஆடுவர். பந்தைக் கையால் பிடிக்கலாம்; ஆனால் எறியக் கூடாது; காலால் உதைத்தோ, ஒரு கையில் ஏந்தி மறுகை முட்டியால் குத்தியோதான் பிறருக்கு அனுப்ப வேண்டும். களத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் ஆறு புள்ளி. பக்கக் கம்பங்களுக்கிடையே சென்றால் ஒரு புள்ளி. 1859-ஆம் ஆண்டு மெல்போர்னில் இதன் விதிகள் முதலில் எழுதப்பட்டன.

இவ்வாட்டத்தில் முன்பு பெரிய குழுக்கள் ஒவ்வொன்றும் தமக்கெனப் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியை வைத்திருந்தன. 1992-ஆம் ஆண்டு அம்முறையை மாற்றிப் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான தனி லீக் ஒன்றை விக்டோரியாவில் ஏற்படுத்தினர். மாநிலத்தை வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஓர் அணி என்று வகுத்தனர். இன்று அம்மாநிலத்தில் பன்னிரண்டு வட்டார அணிகள் இருக்கின்றன; 2019 முதல் டாஸ்மேனியா அணியும் சேர்ந்து ஆடுகிறது. நகரத்துப் பிள்ளையாயினும், தொலைவான ஆட்டுப்பண்ணையில் வளர்ந்த பிள்ளையாயினும், அவனவன் வாழும் வட்டாரத்தின் அணியே அவனுக்கு வாயில். ஆண்டு முடிவில் நாடு தழுவிய தேர்வு நாள் ஒன்று வரும். அன்று பெரிய குழுக்கள் முறை வைத்து இளைஞர்களைத் தெரிந்தெடுக்கும்.

அந்த லீகின் 2018-ஆம் ஆண்டுப் பருவம் நமக்கு ஒரு பாடம் புகட்டுகிறது. அவ்வாண்டின் இறுதியாட்டத்தில் டாண்டினாங் ஸ்டிங்ரேஸ் அணி, ஓக்லி சார்ஜர்ஸ் அணியை ஆறே புள்ளி வேறுபாட்டில் வென்று, வாகையை முதன்முறையாகச் சூடியது. ஆனால் அவ்வாண்டுத் தேர்வு நாளில் முதன்முதலாக அழைக்கப்பட்டவர் வென்ற அணியினரும் அல்லர். தோற்ற அணியினரும் அல்லர். இறுதியாட்டத்திலேயே இடம்பெறாத ஜீலாங் பால்கன்ஸ் அணியைச் சேர்ந்த சாம் வால்ஷ் என்ற இளைஞர் அவர். கோப்பை ஓர் அணியைப் பார்க்கிறது. பருவம் ஒவ்வோர் ஆளையும் பார்க்கிறது. பருவம் முழுதும் அவரைப் பார்த்தவர்கள் இருந்தமையால், அவருடைய அணி கோப்பையை வெல்லாமையும் அவருக்குக் குறையாகவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் நம் பிள்ளைகள் அமெரிக்காவிடமும், கொலம்பியாவிடமும், கானாவிடமும் தோற்று முதற்சுற்றோடு விலகினர். அத்துடன் அவர்கள் கலைந்திருந்தால், அந்த முதற்கோல் ஒரு புகைப்படமாகவே முடிந்திருக்கும். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவ்வாறு விடவில்லை. அப்பிள்ளைகளையும், அவர்களினும் சற்று மூத்த சிலரையும் சேர்த்து இந்தியன் ஏரோஸ் என்ற அணியை மீண்டும் அமைத்து, பெரியவர்கள் ஆடும் ஐ-லீக் போட்டியில் இறக்கிவிட்டது. பத்துக் குழுக்கள், குழுவுக்குப் பதினெட்டு ஆட்டங்கள். கடைசி இடத்துக்கு வந்தாலும் அவ்வணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படாது என்றும் விதி செய்யப்பட்டது.

2017 நவம்பர் 29-ஆம் நாள் நடந்த முதல் ஆட்டத்திலேயே அந்தப் பிள்ளைகள் சென்னை சிட்டி குழுவை மூன்று கோல்களால் வென்றபோது பலரும் வியந்தனர். பின்னர் வந்த மாதங்கள் அவ்வளவு இனிமையாக இருக்கவில்லை. பருவ முடிவில் அவர்கள் நான்கு ஆட்டங்களில் வென்று, மூன்றில் சமன் செய்து, பதினொன்றில் தோற்று, 15 புள்ளிகளுடன் பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில் நின்றனர். பட்டியலை மட்டும் பார்ப்பவர் இதைத் தோல்வி என்பர். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைகள், தங்களினும் பத்து வயது மூத்த, சம்பளத்துக்கு ஆடும் ஆடவருக்கெதிரே பதினெட்டு முறை நின்றார்கள். பதினொரு தோல்விக்குப் பின்னும் அடுத்த வாரம் களமிறங்கினார்கள். ஜீக்சன் சிங் பின்னர் நாட்டின் முதன்மை அணியில் இடம்பெற்றார். அதே அணியின் சுரேஷ் சிங் 2019-இல் பெங்களூர் எப்.சி. குழுவுக்கு வந்து அதன் நடுக்களத்தில் நிலைபெற்றார். சஞ்சீவ் ஸ்டாலின் போர்ச்சுகல் சென்று ஆடித் திரும்பி, கேரளா பிளாஸ்டர்ஸ், மும்பை சிட்டி ஆகிய குழுக்களில் ஆடினார். தோற்ற பருவம் வீண்பருவம் அன்று என்பதற்கு இவர்களே சான்று. 2022-இல் ஏரோஸ் அணி கலைக்கப்பட்டது. குழுக்களின் இளைஞர் அணிகளுக்கெனத் தனி லீக் வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றிருந்தது.

சஞ்சீவின் வாழ்வில் நாம் கருதத்தக்க மற்றொரு செய்தி உண்டு. பெங்களூரில் பிறந்த அவர், சிறுவனாயிருக்கும்போதே சண்டிகருக்குச் சென்று, அங்கிருந்த கால்பந்துக் கழகத்தில் தங்கிப் பயின்றார். இரயிலில் இரண்டு நாள் தொலைவு. மொழி வேறு, உணவு வேறு, குளிர் வேறு. கல்கத்தாவுக்கு இரயிலேறிய அகமது கானுக்கும் இவருக்கும் இடையே அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட காலம் கடந்துவிட்டது. ஆனால் பெங்களூர்ப் பிள்ளை ஆட்டத்தின்பொருட்டு ஊரைவிட்டுச் செல்ல வேண்டிய நிலை மட்டும் மாறாமலே இருந்தது.

நல்வாய்ப்பாக, எதிர்த்திசையிலும் வழி திறந்துள்ளது. 2013-இல் தோன்றிய பெங்களூர் எப்.சி. குழு, தன் முதற்பருவத்திலேயே ஐ-லீகை வென்றதுடன், இளைஞர் அணிகளையும் வளர்க்கத் தலைப்பட்டது. 2022 ஏப்ரல், மே மாதங்களில் கோவாவில் ரிலையன்ஸ் அறக்கட்டளையார் இளைஞர் லீக் ஒன்றை முதன்முறையாக நடத்தினர். பெரும்பாலும் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் ஆடிய அந்த லீகில் எட்டு அணிகள் கலந்துகொண்டன. ஒவ்வோர் அணிக்கும் ஏழு ஆட்டங்கள். பெங்களூர் அணி முதலிடம் பெற்றது. அவ்வணியின் முன்வரிசையில் நின்று கோல்களைக் குவித்தவர்களுள் ஒருவர், காரைக்குடியை அடுத்த கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி நாராயணன். அதே ஆண்டு செப்டம்பர் 18-இல் கல்கத்தாவில் நடந்த டூரண்டு கோப்பை இறுதியாட்டத்தில், மும்பை சிட்டி குழுவுக்கெதிரே பெங்களூரின் முதற்கோலை அடித்தவரும் அவரே. கோப்பை பெங்களூருக்கு வந்தது. அதைத் தொடர்ந்த 2022-23 இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் வளர்ந்துவரும் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசும் அவருக்குக் கிடைத்தது. ஏழே ஆட்டங்கள் கொண்ட ஒரு சிறு பருவம் ஓர் இளைஞனுக்கு எத்தகைய வாயிலைத் திறந்துவிடக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. மாநில அளவிலும் அப்பருவம் நல்ல பருவமே. 2023 மார்ச்சு 4-ஆம் நாள் ரியாத் நகரில் கர்நாடகம் மேகாலயத்தை வென்று, 1968-69-க்குப் பிறகு முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை ஏந்தியது.

பருவத்தின் அருமை அது இல்லாதபோதே நன்கு விளங்கும். 2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் விக்டோரியாவின் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் லீக் முழுதும் கைவிடப்பட்டது. ஆயினும் தேர்வு நாள் டிசம்பரில் வந்தது. அவ்வாண்டு பதினெட்டு வயதை எட்டிய இளைஞர்கள் தம் திறத்தைக் காட்ட ஓர் ஆட்டமும் இன்றித் தேர்வுக்கு நின்றனர். நம் நாட்டிலும் அத்தொற்றுக் காலத்தில் இளைஞர் போட்டிகள் நின்றன, மைதானங்கள் பூட்டப்பட்டன. இருபத்தைந்து வயது ஆட்டக்காரனுக்கு ஓராண்டு போனால் மறு ஆண்டு உண்டு. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அவ்வாறன்று. மறு ஆண்டு அவன் வேறு பிரிவில் இருப்பான். அவனுக்குப் பின்னே வந்தவன் அவனிடத்தில் நிற்பான். 2025-ஆம் ஆண்டிலும், சம்மேளனத்துக்கும் வணிகப் பங்காளிக்கும் இடையேயான ஒப்பந்தம் முடிவடையும் தறுவாயில் இருந்தமையால், இந்தியன் சூப்பர் லீக் உரிய காலத்தில் தொடங்க இயலாமற் போயிற்று. மேலே உள்ள ஏரி வற்றினால் கீழேயுள்ள வாய்க்கால் எவ்வாறு நிறையும்? பெரியவர்களின் பருவம் தடுமாறும்போது, சிறியவர்களின் பருவத்துக்குச் செலவிட முன்வருவோர் குறைந்துவிடுவர் என்ற அச்சம் இயல்பானதே.

இனி, வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இவ்விஷயத்தில் அறிந்து நடக்க வேண்டிய சில செய்திகளைக் கூறுவோம்.

முதலாவது, வயதுச் சான்று. வயது வரம்புள்ள போட்டிகளில் பிறந்த நாளே நுழைவுச் சீட்டு. வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் பிறப்பைப் பதிவு செய்வது தவறிவிடுவதுண்டு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் குறித்த தேதி ஒன்றும், மருத்துவமனைச் சீட்டிலுள்ள தேதி ஒன்றுமாக இருப்பதும் உண்டு. பின்னர் எழும் ஐயத்தைப் போக்க மணிக்கட்டு எலும்புகளைப் படம் பிடித்து வளர்ச்சியைக் கணிக்கும் சோதனைகள் இன்று நடைமுறையில் உள்ளன. வயதைக் குறைத்துக் காட்டினால் பிள்ளை முன்னேறுவான் என்று எண்ணுவோர் அவனுக்குத் தீங்கே செய்கின்றனர். தன்னினும் சிறியவரை வென்று பழகியவன் தனக்குச் சமமானவரைக் கண்டதும் தளர்ந்துபோவான்.

இரண்டாவது, மாநிலம். பிள்ளை எந்த மாநிலத்துக்காக ஆடுவது என்பதைத் தாய்மொழி தீர்மானிப்பதில்லை. அவன் எந்த மாவட்ட, மாநிலச் சங்கத்தில் பதிவு பெற்றுள்ளான் என்பதே தீர்மானிக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், அணி முகாமில் இந்தியும் ஆங்கிலமும் எனப் பேசி வளரும் பிள்ளை, மைசூரின் உடையணிந்து பாரதத்துக்கு ஒலிம்பிக் கோல் அடித்த ராமனின் வழியில்தான் நடக்கிறான். வாழும் மாநிலத்தின் மொழியை நன்கு கற்பது ஆட்டத்துக்கும் உதவும். பயிற்சியாளர் களத்தின் ஓரத்திலிருந்து கூவும் ஒரு சொல்லை நொடியில் உணர்ந்துகொள்பவனே அந்நொடியில் சரியான இடத்தில் நிற்பான்.

மூன்றாவது, கல்வி. பி.யு.சி. இரண்டாம் ஆண்டுத் தேர்வு வழக்கமாக மார்ச்சு மாதத்தையொட்டி வருகிறது. கால்பந்துப் பருவத்தின் முக்கியமான ஆட்டங்களும் பெரும்பாலும் அக்காலத்திலேயே வருகின்றன. இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்குமாறு பிள்ளையை நெருக்குவது நன்றன்று. விக்டோரியாவில் பெரிய பள்ளிகளில் பயிலும் மாணவர், பருவத்தின் ஒரு பகுதியில் பள்ளி அணிக்கும், மற்றொரு பகுதியில் வட்டார அணிக்கும் ஆடுமாறு வழி செய்துள்ளனர். பருவத்தின் ஆட்ட நாள்கள் முன்கூட்டியே தெரிந்திருந்தால், பள்ளியும் வீடும் அதற்கேற்பத் திட்டமிடலாம். பத்து நாளைக்கு முன்னால் அறிவிக்கப்படும் போட்டிகளே படிப்பைக் கெடுக்கின்றன. தொழிற்சாலைகள் ஆட்டக்காரருக்கு வேலை கொடுத்துவந்த வழி முன்போல் அகலமாக இல்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பதினெட்டு வயதில் ஆடும் நூறு பேரில் ஆட்டத்தாலேயே பிழைப்போர் மிகச் சிலரே. மற்றவருக்குச் சோறு போடப் போவது படிப்பும் தொழிலுந்தான்.

நான்காவது, பெண் பிள்ளைகள். விக்டோரியாவின் இளைஞர் லீகில் இன்று பெண்களுக்கெனவும் தனிப்பருவம் நடைபெறுகிறது. பெங்களூரின் கிக்ஸ்டார்ட் குழுவின் பெண்கள் அணி 2022-23-இல் இந்தியப் பெண்கள் லீகின் இறுதியாட்டம் வரை முன்னேறியது. அண்ணன் பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகும்போது தங்கையும் உடன் செல்ல விரும்பினால், அதைத் தடுக்கக் காரணம் ஏதும் இல்லை.

இறுதியாக, சங்கங்களுக்கும் பேட்டைக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கலை முன்னிட்டும், தலைவர்களின் பிறந்தநாளை முன்னிட்டும், ஒளிவிளக்குகள் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, இரண்டே நாளில் முடிந்துவிடும் கோப்பைப் போட்டிகளை நாம் ஆர்வத்துடன் நடத்துகிறோம். மாலையும் பரிசும் வழங்கிக் கலைந்துவிடுகிறோம். அதே பணத்தைக்கொண்டு, அண்டையிலுள்ள ஆறு பேட்டைகளின் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆறு அணிகளாக வகுத்து, இருமுறை ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுமாறு ஒரு சிறு லீகை நடத்தலாம். அணிக்குப் பத்து ஆட்டங்கள் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்து வாரங்களில் முடிந்துவிடும். பெரிய கோப்பை வேண்டுவதில்லை. ஒரு மைதானம், ஒரு நடுவர், ஆட்டந்தோறும் யார் ஆடினார், யார் கோல் அடித்தார் என்று தவறாமல் குறித்துவைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றும் இருந்தாற் போதும். பின்னாளில் பெரிய குழுவொன்றின் பயிற்சியாளர் வந்து, இப்பகுதியில் நல்ல ஆட்டக்காரன் யார் என்று கேட்டால், அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுக்கலாம்.